எடை கூடினாலும் கவலைதான்

கல்லீரல் நோய் முற்றிய குழந்தைகள் இருக்கும் வார்டில் எடை மெஷினை மட்டும் நம்பி நர்ஸ்கள் எதையும் முடிவுசெய்வதில்லை. சில நாட்களில் அரை கிலோ ஏறிவிட்டால் அம்மாவுக்குச் சந்தோஷம், நர்ஸுக்குக் கவலை. ஏறியது சதையாக இருக்காது. வயிற்றில் கோத்த நீராக இருக்கும். அதனால் டேப்பை எடுத்து வயிற்றுச் சுற்றளவையும் மேல்கையின் சுற்றளவையும் அளக்கிறார்கள். வயிறு பெருத்து, கை மெலிந்துகொண்டே போனால் குழந்தைக்கு ஊட்டம் சேரவில்லை.

கைக்குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று தேவைப்படுவதற்கு முதன்மையான காரணம், பித்தக்குழாய் அடைபட்டுப்போகும் பிலியரி அட்ரீசியா. பித்தம் குடலுக்கு இறங்காததால் கொழுப்பு செரிக்காது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடம்பில் சேராது. கே குறைந்தால் ரத்தம் சரியாக உறையாது. ஊசி குத்திய இடத்தில் கசிவு நிற்கவில்லை என்றால் நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிடுவது அதனால்தான்.

காமாலை என்றாலே பத்தியம் என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். இந்தக் குழந்தைகளுக்கோ வழக்கத்தைவிட அதிகக் கலோரி தேவை. பித்தத்தின் உதவி அதிகம் தேவைப்படாத எம்.சி.டி. எண்ணெய் சேர்ந்த பாலைச் சிறிது சிறிதாக, வாயால் முடியாதபோது மூக்குக் குழாய் வழியே, ராத்திரியிலும் கொடுப்பார்கள். பாட்டியிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வதும் நர்ஸ் வேலைதான். எந்தப் பாடப்புத்தகமும் அதற்கு மதிப்பெண் தருவதில்லை.

பித்தம் தேங்குவதால் வரும் அரிப்பு குழந்தையைத் தூங்கவிடாது. நகத்தை ஒட்ட வெட்டி, கைகளுக்குப் பருத்தி உறை மாட்டுவார்கள். “நேத்துலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கான் சிஸ்டர், பகல் முழுக்கத் தூங்குறான்” என்று அம்மா சொன்னால் அதை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். கல்லீரல் அகற்ற முடியாத கழிவுகள் மூளையைப் பாதிக்கத் தொடங்கியதன் முதல் அறிகுறியாக அது இருக்கலாம்.

பிலியரி அட்ரீசியாவுக்கு ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் உருவாக்கிய அறுவை சிகிச்சையில், குடலைக் கல்லீரலோடு நேரடியாக இணைத்துப் பித்தத்துக்கு வழி செய்கிறார்கள். பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் கூடுதல். அதன்பிறகு நர்ஸ் ஒவ்வொரு டயப்பரையும் பிரித்து நிறம் பார்ப்பார்: மஞ்சளோ பச்சையோ வந்தால் பித்தம் இறங்குகிறது. வீடு திரும்பியபின் காய்ச்சல் வந்தால் பித்தக்குழாய்த் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பலர் அந்த 60 நாளைத் தாண்டித்தான் வருகிறார்கள். “வெயில்ல காட்டுங்க, சரியாயிடும்” என்ற அறிவுரையிலேயே வாரங்கள் ஓடிவிடுகின்றன. தைவானில் 2004 முதல் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை ஒவ்வொரு தாய்க்கும் தரப்படுகிறது. இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் போகவில்லை, மலம் வெளுத்திருக்கிறது, சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படிகிறது என்றால், மொத்த பிலிரூபினோடு நேரடி பிலிரூபினையும் பரிசோதிக்கக் கேளுங்கள்.