முதுகில் போடும் ஊசிக்கு யார் கையெழுத்து?

இரவு ஒன்றரை மணி. லேபர் வார்டு கதவைப் பாதி திறந்து சிஸ்டர் தலையை நீட்டினார். "பேஷன்ட்டோட ஹஸ்பெண்ட் யாருங்க? இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒண்ணு." எங்கள் மாப்பிள்ளை, அதாவது என் தங்கை மகளின் கணவர், அட்டையை முழங்கால்மேல் வைத்து எழுதப் போனார். படிவம் முழுக்க ஆங்கிலம். சிகிச்சையின் பெயர் எழுத வேண்டிய கோடு காலியாக இருந்தது. எதற்கு என்று கேட்டேன். "முதுகுல ஒரு ஊசிம்மா, வலி தெரியாது. பொண்ணுதான் கேக்குது." பெண் கேட்டது நிஜம்தான். அவள் போட்ட சத்தம் வராந்தாவரை வந்தது. ஆனால் ஏழு மாதம் அங்கே செக்கப்புக்குப் போய் வந்தவளிடம் அந்த ஊசியைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. வரவேற்பறைச் சுவரில் மட்டும் 'வலியில்லாப் பிரசவம்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது.

கையெழுத்து விஷயத்தில் படித்த வீடுகளிலேயே குழப்பம் இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பி, நினைவோடு இருக்கும் பெண்ணின் உடம்புக்குச் சம்மதம் தர வேண்டியவள் அவளே. கணவரின் கையெழுத்தை வாங்கி வைப்பது மருத்துவமனையின் வழக்கம்; அது அவள் சம்மதத்துக்கு ஈடாகாது. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்திருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்றது தீர்ப்பு. என்ன செய்யப் போகிறோம், பலன் என்ன, ஆபத்து என்ன, வேறு வழி உண்டா, வேண்டாமென்றால் என்ன ஆகும் என்று புரியும்படி சொல்லிவிட்டு வாங்குவதற்குப் பெயர்தான் சம்மதம். உயிரைக் காப்பாற்றியாக வேண்டிய அவசரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. சாதாரணப் பிரசவத்தில் வலிக்காகப் போடும் எபிடியூரல் என்ற இந்த முதுகு ஊசி அந்த வகையில் சேராது. எடுத்துச் சொல்ல ஒன்பது மாதம் அவகாசம் இருக்கிறது.

இந்த ஊசியை யாருக்கெல்லாம் போடக் கூடாது என்று மயக்கவியல் புத்தகங்கள் சொல்லும்போது, முதல் வரிசையிலேயே 'நோயாளி மறுத்தால்' என்று இருக்கும். மற்ற காரணங்களும் அதோடு வரும்: ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போன்ற ஊசி போட்டுக்கொண்டிருப்பது, தட்டணுக்கள் மிகவும் குறைந்திருப்பது, ஊசி போடும் இடத்தில் சீழ், அதிக ரத்தப்போக்கு. மறுக்க உரிமை இருப்பதுபோலக் கேட்கவும் உரிமை உண்டு. ஆரோக்கியமான கர்ப்பிணி வலி நிவாரணம் கேட்டால் எபிடியூரல் தரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரை. கர்ப்பப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் போடுவோம் என்ற பழைய கணக்கும் இப்போது கட்டாயமில்லை. குழந்தையின் தலை வெளியே தெரியும் கட்டத்தில் கேட்டால் மட்டும் நேரம் போதாது.

அன்றைக்குச் சண்டை பிடித்துத்தான் உள்ளே போனேன். கட்டிலின் ஓரத்தில், தலையணையைக் கட்டிக்கொண்டு, இறால் மாதிரி வளைந்து உட்கார்ந்திருந்தாள். "அடுத்த வலி வரும்போது சொல்லும்மா, கையை எடுத்துடறேன். அது போனதும் அசையாம இரு" என்றார் மயக்க மருந்து டாக்டர். இடுப்பு முள்ளெலும்புகள் இரண்டுக்கு நடுவே ஊசியை நுழைத்து, தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடுக்கில் நூல் தடிமனுக்கு ஒரு குழாயை விட்டு, ஊசியை உருவிவிட்டார். உள்ளே தங்குவது அந்தக் குழாய் மட்டும்தான். அதைத் தோள்வரை பிளாஸ்திரி போட்டு ஒட்டி, அதன் வழியே பியூபிவக்கைன் போன்ற மரத்துப்போகும் மருந்தைக் குறைந்த அளவில், கொஞ்சம் ஃபென்டனில் கலந்து செலுத்துகிறார்கள். தண்டுவடம் அந்த இடத்துக்கு மேலேயே முடிந்துவிடுவதால், ஊசி தண்டுவடத்தில் குத்திவிடும் என்ற பயம் வேண்டாம். வலி அடங்க கால் மணி முதல் இருபது நிமிடம். அவளுக்கு முதலில் வலது பக்கம் மட்டும்தான் மரத்தது. டாக்டர் குழாயை ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்தார்; இடது பக்கமும் சரியானது.

சம்பந்தியம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலிதான்." நம் ஊரில் பெண்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் பேச்சு உண்டு. ஆனால் இந்த ஊசியைப் பார்த்துப் பயப்படும் நாம்தான் சிசேரியனுக்கு மறு பேச்சில்லாமல் முதுகைக் காட்டுகிறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அதில் பெரும்பாலும் போடுவது 'ஸ்பைனல்' என்ற முதுகு ஊசி. அது உறையைத் தாண்டியே போகிறது. அறுவைக்கென்றால் மறுக்காத ஊசி, வலிக்கென்றால் மட்டும் ஆபத்தாகிவிடுகிறது. வலியில்லாமல் பெற்றால் தாய்மையில் ஒரு மாற்றுக் குறைந்துவிடும் என்ற எண்ணம் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலித்துத் துடித்துப் பெறுவதற்கு 'சுகப்பிரசவம்' என்று பெயர் வைத்தவர்கள் அல்லவா நாம்.

ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம். 2018-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற நாற்பது சோதனைகளை எடுத்துப் பார்த்தது. எபிடியூரலால் சிசேரியன் கூடவில்லை, நீண்டகால முதுகுவலியும் கூடவில்லை. ஆயுதப் பிரசவம் பழைய சோதனைகளில் கூடியிருந்தது. 2005-க்குப் பிந்தைய, மருந்தைக் குறைத்துக் கொடுத்த சோதனைகளில் அந்த வித்தியாசம் இல்லை. முக்கும் கட்டம் நீளும்; முக்க வேண்டும் என்ற உந்துதல் மங்கும். ரத்த அழுத்தம் இறங்கலாம், அரிப்பு, நடுக்கம், காய்ச்சல் வரலாம், சிறுநீருக்குக் குழாய் வைக்க நேரலாம்.

ஆபத்தை எண்ணிக்கையில் சொல்வதில் பிரிட்டனின் மகப்பேறு மயக்கவியலாளர் சங்கம் தாய்மார்களுக்குத் தரும் தகவல் அட்டை நல்ல முன்மாதிரி. எட்டுப் பேரில் ஒருவருக்கு ஊசி போதிய அளவு கேட்காமல், கூடவே வேறு வழியும் தேவைப்படும். ஐம்பதில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் கவனிக்கும் அளவுக்கு இறங்கும். நூறில் ஒருவருக்குக் கடும் தலைவலி. தற்காலிக நரம்பு பாதிப்பு ஆயிரத்தில் ஒருவருக்கு; ஆறு மாதத்துக்கு மேலும் நீடிப்பது பதின்மூவாயிரத்தில் ஒருவருக்கு. கை கால் விளங்காமல் போவது போன்ற பெரும் விபத்து இரண்டரை லட்சத்தில் ஒருவருக்கு. இப்படி ஒரு தாளைத் தமிழில் அச்சடித்து ஆறாம் மாதத்தில் கையில் கொடுப்பதற்குச் சுவரில் எழுதும் செலவுகூட ஆகாது.

அந்த நூறில் ஒருத்தி எங்கள் பெண். இரண்டாம் நாள் காலை உட்கார்ந்து பால் கொடுக்கப் போனவள் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். படுத்தால் வலி இல்லை, எழுந்தால் மண்டை பிளந்தது. ஊசி உறையில் பட்டு உள்ளிருக்கும் நீர் கசிந்தால் வருவது இந்தத் தலைவலி. "தூக்கமில்லைல்ல, அதான்" என்று பாராசிட்டமால் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் இருட்டறையில் கிடந்தாள். பிறகு வேறொரு மருத்துவமனையில் அவள் கையிலிருந்தே இருபது மில்லி அளவு ரத்தம் எடுத்து முதுகின் அதே இடுக்கில் செலுத்தி, கசிவை அடைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாள். தலைவலி வந்ததில் எனக்குக் குறை இல்லை, கைதேர்ந்தவருக்கும் நேரக்கூடியது. வரலாம் என்று முன்பே சொல்லாததும், வந்தபோது மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடாததும்தான் குறை.

பிரசவத்துக்குப் பின் வரும் எந்தக் கடும் தலைவலிக்கும் ரத்த அழுத்தத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அது பேறுகால ரத்தக் கொதிப்பாகவும், அரிதாக மூளை ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கக்கூடும். மரத்த கால் பல மணி நேரமாகியும் திரும்பாவிட்டால், பலம் குறைந்துகொண்டே போனால், காய்ச்சலோடு முதுகு வலித்தால், சிறுநீர் பிரியாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதுகில் ரத்தம் கட்டியிருந்தால் சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும்.

ஊசி நல்லதா கெட்டதா என்பதைவிட அதைப் போட்ட பிறகு பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதுதான் என் கேள்வி. முதல் கால் மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கொரு முறை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், மருந்து தீர்ந்தால் திரும்பக் கொடுக்க வேண்டும். மயக்கவியல் மருத்துவர் வெளியிலிருந்து வந்து போகும் சிறு மருத்துவமனையில் இது நடக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கலாம். எட்டாம் மாதத்திலேயே கேளுங்கள்: நடுராத்திரியிலும் டாக்டர் இருப்பாரா, ஒரே இரவில் இரண்டு பேர் கேட்டால் என்ன செய்வீர்கள், தனிக் கட்டணமா, சிசேரியனாக மாறினால் அதே குழாயில் மருந்து கொடுப்பீர்களா, அப்போது இரண்டு மயக்க மருந்துக்கும் பில் போடுவீர்களா? பதிலைக் கர்ப்பகால ஃபைலில் தேதியோடு எழுதி வையுங்கள். 'வேண்டாம் என்று நினைக்கிறேன், ஆனால் மனம் மாறலாம்' என்று எழுதினாலும் அது முடிவுதான்.

வேண்டாம் என்பவர்களுக்கு வாயு முகமூடி, டிராமடால் போன்ற ஊசி, வெந்நீர், நடை எல்லாம் உண்டு. கூடவே நம்பிக்கையான ஒரு பெண் கடைசிவரை இருப்பது சிசேரியனையே குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒருவரை அனுமதிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் லக்ஷ்யா திட்டத்திலேயே இருக்கிறது. வாசலில் நிறுத்தினால் கேளுங்கள்.

சம்மதம் வாங்காமல் போட்டார்கள், அல்லது கவனிக்காமல் விட்டார்கள் என்றால் முதலில் கேஸ் ஷீட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். புகாரை 104-க்குச் சொல்லலாம். தனியார் மருத்துவமனை என்றால் மாவட்ட மருத்துவ, ஊரக நலப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதலாம். டாக்டரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. இழப்பீட்டுக்கு, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது என்பது 1995-இன் சாந்தா வழக்குத் தீர்ப்பு.

எங்கள் பெண்ணுக்கு இப்போது இரண்டாவது, 34 வாரம். ஊசி மறுபடி வேண்டும் என்கிறாள். தலைவலியை மறந்துவிட்டாயா என்றேன். "மறக்கல பெரியம்மா. ஆனா அன்னிக்கு ஒரு மணி நேரம் தூங்கினேன் பாருங்க, அதுவும் மறக்கல." போன வாரம் புது மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டரையே பார்க்க வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவர் நேர்மையானவர். "ராத்திரி பத்துக்கு மேல நான் வீட்டுலேருந்து வரணும்மா, முக்கால் மணி நேரம் ஆகும். போட்டுட்டு விடிய விடிய இருக்க முடியாது." சரி டாக்டர் என்று எழுந்து வந்தவள், வெளியே டீக்கடை நிழலில் நின்று ஃபைலில் அதை எழுதிக்கொண்டாள். வர்ற வியாழக்கிழமை மெடிக்கல் காலேஜுக்குப் போய் விசாரிக்கப் போகிறோம்.