தூக்குக்கயிறு யாரைப் பிடித்தது?

கடும் தண்டனை வேண்டும் என்போரை அலட்சியம் செய்ய முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய்ச் சீர்திருத்தம் பற்றி விரிவுரை நடத்த இயலாது (முன்னாள் விரிவுரையாளன் சொல்கிறேன்). ஆயினும் எமது நாட்டு அனுபவமொன்றை நாம் மறந்துவிட்டோம்.

1958இல் பண்டாரநாயக்கா அரசு மரணதண்டனையை இடைநிறுத்தியது. 1959 செப்ரெம்பரில் அவரே சுடப்பட்டு இறந்தார். அவ்வாண்டு முடியுமுன் தூக்குத்தண்டனை மீண்டும் வந்தது. ஏற்கெனவே நடந்த கொலைக்கும் பொருந்துமாறு சட்டம் எழுதினார்கள். அவசரத்தில் கொலைச்சதி விடுபட்டுப்போயிற்று. விளைவு? சுட்ட சோமராம 1962இல் தூக்கில் தொங்கினார். சதிக் குற்றவாளிகளாகக் காணப்பட்ட புத்தரக்கித்த தேரருக்கும் எச்.பி. ஜயவர்த்தனவுக்கும் மேன்முறையீட்டில் தண்டனை ஆயுட்சிறையாகக் குறைந்தது. ஆத்திரத்தில் செய்த சட்டம் ஏவப்பட்டவரைப் பிடித்து, ஏவியவர்களை விட்டது.

1976இன் பின் இலங்கையில் எவரும் சட்டப்படி தூக்கிலிடப்படவில்லை. 2019இல் சிறிசேன நால்வருக்குக் கையெழுத்திட்டார், உயர்நீதிமன்றம் தடுத்தது. சட்டத்துக்கு வெளியே நடந்தது வேறு: 'சமூகவிரோதி' என்று அட்டை மாட்டி மின்கம்பத்தில் கட்டிச் சுட்டபோது எந்த மேன்முறையீடும் இருக்கவில்லை. அதனால் களவு நின்றதா?

ஜேர்மனி 1949இலேயே மரணதண்டனையை ஒழித்தது. ஆயுட்கைதியும் 15 ஆண்டுகளின் பின் விடுதலை கோரலாம். ஆஹெனில் என்னோடு இயந்திரத்தில் நிற்கும் ஜேர்மனியர் சிலருக்கே இது பிடிக்காது. பிழையான தீர்ப்பென்றால் சிறைக்கதவையாவது திறக்கலாமே என்பேன். கொல்லப்பட்டவனுக்கு எந்தக் கதவு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்; ஆனால் அதற்குத் தூக்குக்கயிறும் பதில் சொல்வதில்லை.