எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்க்குமா குவாண்டம் கணினி?

ஓசூர் சிப்காட் பக்கம் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். நாலு சி.என்.சி. லேத், இரண்டு வி.எம்.சி. போன மாதம் வாட்ஸப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பினார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, இது என்னன்னு பாத்துச் சொல்லு. வருஷச் சந்தா கேக்கறாங்க. அந்தக் காசுல ஒரு மெஷினுக்கு ஸ்பிண்டிலே மாத்திடலாம்."

பி.டி.எஃப். முழுக்க நீல ஒளி, தங்க நிற சாண்டிலியர் மாதிரி தொங்கும் குளிர்கலன் படம். அதில் விஷயம்னு சொன்னால் இரண்டு தான். ஒன்று, குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே சமயத்தில் பார்க்கும், அதனால் இருபது ஜாபை எந்த வரிசையில் மெஷினில் ஏற்றுவது என்பதை நொடியில் சொல்லிவிடும். இரண்டு, உங்கள் ஆர்டர் டேட்டாபேஸில் எதையும் தேடாமலே எடுத்துக் கொடுக்கும்.

"எல்லா விடைகளையும் ஒரே சமயத்தில்" என்ற இந்த வாக்கியத்தைப் பத்திரிகை, யூடியூப், கல்லூரி விழா மேடை என்று எல்லா இடத்திலும் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. அதைப் பார்க்க லவ் குமார் குரோவர் கண்டுபிடித்த தேடல் முறையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முன்கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கிறது, அதைப் போலச் செய்து பார்க்க சாதாரணக் கணினி திணறும், ஆகவே கணினியையே குவாண்டம் பொருளால் செய்யலாமே என்று ஃபெயின்மன் 1981-ல் பேசினார். 1985-ல் டேவிட் டாய்ச் அதற்கு ஒரு முறையான கணித வடிவம் கொடுத்தார். 1994-ல் பெல் லேப்ஸில் இருந்த பீட்டர் ஷோர், பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. இரண்டு வருடம் கழித்து, 1996-ல், அதே பெல் லேப்ஸிலிருந்து குரோவர்.

குரோவர் ஐ.ஐ.டி. டெல்லியில் 1981-ல் பி.டெக். முடித்து, ஸ்டான்ஃபோர்டில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்கில் முனைவர் பட்டம் வாங்கியவர். இந்த யோசனை எப்படி வந்தது என்பதை 2001-ல் 'பிரமாணா' இதழில் அவரே எழுதியிருக்கிறார். பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமியின் இதழ் அது. அத்திப்பள்ளி தாண்டி சில்க் போர்டு ஜங்ஷன் மட்டும் வழிவிட்டால் நமக்குப் பக்கம்தான்! ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கையில் எடுத்து, நேரத்தையும் இடத்தையும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, அலை எப்படி ஒரு பள்ளத்தை நோக்கிச் சேர்கிறது என்று பார்த்திருக்கிறார். சிமுலேஷன் எழுதின யாருக்கும் பழக்கமான வேலை. அந்தக் கட்டுரையைப் படித்தபோதுதான், இயற்பியல் படிக்காத என்னாலும் இதைத் தொடர முடியும் என்று ஒரு தைரியம் வந்தது.

சரி, முறைக்கு வருவோம். நாலு டிரே இருக்கிறது. ஒன்றில் மட்டும் கிராக் விழுந்த பீஸ். எது என்று தெரியாது, திறந்துதான் பார்க்க வேண்டும். நமக்கு அதிர்ஷ்டம் இல்லாத நாளில் மூன்று டிரே திறக்க வேண்டிவரும். மூன்றிலும் இல்லையென்றால் நாலாவதுதான்.

குவாண்டம் கணினியில் இரண்டு க்யூபிட் போதும், நாலு டிரேயையும் குறிக்க. ஒவ்வொரு டிரேக்கும் ஒரு 'வீச்சு' உண்டு. அளந்து பார்க்கும்போது அந்த டிரே வரும் நிகழ்தகவு என்பது வீச்சின் வர்க்கம். ஆரம்பத்தில் நாலுக்கும் சமமாக 1/2. வர்க்கம் 1/4, அதாவது நாலில் ஒரு வாய்ப்பு. இதுவரை சீட்டுக் குலுக்கலுக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது.

வித்தியாசம் என்னவென்றால், நிகழ்தகவு ஒருநாளும் சுழிக்குக் கீழே போகாது, வீச்சு போகும். ராமநாயக்கன் ஏரியில் இரண்டு கல்லைப் போட்டால், ஓர் அலையின் மேடும் இன்னோர் அலையின் பள்ளமும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் அசையாமல் நிற்கும் இல்லையா, அதே குறுக்கீட்டு விளைவுதான்.

முதல் படி: "இதில் கிராக் இருக்கிறதா?" என்று சோதிக்கும் சர்க்யூட்டை ஒரே ஒரு முறை ஓட்டுகிறோம். ஆமாம் என்ற டிரேயின் வீச்சு மட்டும் குறி மாறி −1/2 ஆகிறது. மற்ற மூன்றும் 1/2 ஆகவே இருக்கின்றன.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பி.டி.எஃப். சொன்ன "எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்த்தது" இதுதான். பார்த்தாகிவிட்டது, உண்மை. ஆனால் இப்போது அளந்தால் என்ன கிடைக்கும்? −1/2-ன் வர்க்கமும் 1/4 தான். நாலில் ஏதோ ஒரு டிரே வரும், குருட்டாம்போக்கில். எல்லாவற்றையும் பார்த்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

குரோவரின் மூளை இரண்டாவது படியில் இருக்கிறது. நாலு வீச்சுக்கும் சராசரி எடுங்கள்: மூன்று 1/2, ஒரு −1/2, கூட்டினால் 1, நாலால் வகுத்தால் 1/4. இப்போது ஒவ்வொரு வீச்சையும் இந்தச் சராசரிக் கோட்டைச் சுற்றிக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்புங்கள். 1/2 என்பது சராசரிக்கு 1/4 மேலே இருந்தது, இனி 1/4 கீழே, அதாவது சுழி. −1/2 என்பது சராசரிக்கு 3/4 கீழே இருந்தது, இனி 3/4 மேலே, அதாவது 1. மூன்று டிரேயும் அழிந்துபோய், கிராக் டிரே மட்டும் முழுசாக நிற்கிறது. அளந்தால் நூற்றுக்கு நூறு அதுதான். ஒரே ஒரு சோதனையில். காகிதத்தில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், இதைவிட அழகான நாலு வரிக் கணக்கை நான் பார்த்ததில்லை.

ஆசைப்பட்டு இன்னொரு முறை ஓட்டினால்? சரியான விடைக்கான வாய்ப்பு மறுபடி நாலில் ஒன்றுக்கு இறங்கிவிடும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவது போலத்தான், பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

டிரே எண்ணிக்கை கூடினால் ஒரு சுற்று போதாது. பத்து லட்சம் டிரேக்கு சுமார் 785 சுற்று. ஆயிரத்தை, அதாவது பத்து லட்சத்தின் வர்க்கமூலத்தை, 0.785-ஆல் பெருக்கிய எண். பத்து லட்சத்தை ஆயிரத்துச் சொச்சத்துக்குள் கொண்டுவந்தது பெரிய சாதனைதான், ஆனால் "ஒரே சமயத்தில்" என்று சொன்னார்களே, அது இல்லை. (மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய 20 டிரே சரியாக வரும். ஒரு சுற்றுக்கு 4. டி.என்.ஏ.வில் எழுத்து 4, அமினோ அமிலம் 20 ஆயிற்றே என்று ஐ.ஐ.எஸ்.சி.யின் அபூர்வா படேல் ஒரு கட்டுரையே எழுதினார். நான் அதை நம்பவில்லை, ஆனால் ரசித்தேன்.)

இன்னும் கெட்டிக்காரன் யாராவது வந்து 785-ஐ எட்டாகக் குறைத்துவிட மாட்டானா? முடியாது. பென்னட், பெர்ன்ஸ்டைன், பிராசார்ட், உமேஷ் வசிரானி நால்வரும் நிரூபித்துவிட்டார்கள்: பிரச்சினையின் உள்ளமைப்பு எதையும் பயன்படுத்தாமல் குருட்டாகத் தேடினால், எந்தக் குவாண்டம் கணினியும் வர்க்கமூல வேகத்தைத் தாண்ட முடியாது. வேடிக்கை என்னவென்றால், குரோவர் தன் முறையைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அவர்கள் இதை நிரூபித்திருந்தார்கள். வாசலுக்கு முன்னால் சுவர் கட்டியாகிவிட்டது.

இப்போது அண்ணனின் ஷாப்புக்குத் திரும்புவோம். முதலில் டேட்டாபேஸ். குரோவரே தன் கட்டுரைத் தலைப்பில் டேட்டாபேஸ் என்ற சொல்லைப் போட்டுவிட்டார், அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. பத்து லட்சம் ரெக்கார்டைக் குவாண்டம் கணினிக்குள் ஏற்றவே பத்து லட்சம் படி ஆகும். ஏற்றின பிறகு 785 சுற்றில் தேடி என்ன லாபம்? நம் வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு இண்டெக்ஸ் போட்டால் இருபது ஒப்பீட்டில் கிடைத்துவிடும்.

அடுத்து அந்த இருபது ஜாப். இருபது ஜாபை வரிசைப்படுத்த சுமார் 24,000 கோடி கோடி வழி இருக்கிறது. நொடிக்கு நூறு கோடி வரிசையைச் சோதித்தாலும் 77 வருடம் ஆகும். குரோவர் முறையில் சுமார் 122 கோடி சுற்று. அதை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட்ட முடியும், ஒவ்வொரு சுற்றிலும் முழு அட்டவணையையும் பிழைதிருத்தத்தோடு கணக்கிட வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லி செகண்ட் என்று தாராளமாக வைத்தாலும் 14 நாள். அதற்குள் கஸ்டமர் ஆர்டரைக் கேன்சல் பண்ணிவிட்டு ஜிகணிக்குப் போயிருப்பார்.

அதைவிட முக்கியம், எல்லா வரிசையையும் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மெஷின், எல்லா ஜாபும் தயாராக இருக்கிறது, அதிகபட்சத் தாமதம் குறைவாக இருக்க வேண்டும், இவ்வளவுதான் கேள்வி என்றால், டெலிவரி தேதிப்படி வரிசையாக ஏற்றினாலே போதும். அதுதான் சிறந்த விடை என்று ஜாக்சன் 1955-லேயே நிரூபித்திருக்கிறார். எக்செல்லில் ஒரு சார்ட்.

ஷோரின் முறை உண்மையிலேயே பயமுறுத்துவது இதே காரணத்தால்தான். அது குருட்டுத் தேடல் இல்லை. எண்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சுழற்சியைக் குறுக்கீட்டு விளைவால் வெளியே இழுக்கிறது. அதனால்தான் ஆர்.எஸ்.ஏ. பூட்டுகளை மாற்றும் வேலை இப்போதே நடக்கிறது, அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. 2024 ஆகஸ்டில் புதிய தரங்களை வெளியிட்டது. நம் அரசும் 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதன் கணினிப் பிரிவுக்கான மையம் ஐ.ஐ.எஸ்.சி.யில். மூலக்கூறு, மருந்து, பேட்டரி வேதியியலில் பலன் வரும் என்று நானும் நம்புகிறேன். ஃபெயின்மன் ஆரம்பித்த இடமே அதுதானே.

அண்ணனிடம் சந்தா வேண்டாம் என்று சொன்னேன். எக்செல் சார்ட் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது சரி தம்பி, ஆனா எஸ்.எஸ். ஜாப் முடிஞ்சு அலுமினியம் ஏத்துனா செட்டிங் மாத்தவே ஒன்றரை மணி நேரம் போகுதே, அது உன் சார்ட்டுல வருமா?" என்றார்.

வராது. செட்டிங் நேரம் முந்தைய ஜாபைப் பொறுத்து மாறினால், கணக்கு ஊர் ஊராய்ச் சுற்றும் விற்பனையாளர் கணக்கின் வகைக்குப் போய்விடும், நிஜமாகவே கஷ்டமான வகை. ஆனாலும் இருபது ஜாபுக்கு ஓ.ஆர்.-டூல்ஸ் மாதிரி இலவச மென்பொருள் என் பழைய லேப்டாப்பிலேயே தாங்கும் என்று நினைக்கிறேன். மூன்று மாத ஜாப் கார்டுகளை வாங்கி வந்திருக்கிறேன், பாதியில் கூலன்ட் கறை. டைப் அடித்து ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.