மாத்திரைக்குச் சிக்காமல் எச்.ஐ.வி. எங்கே பதுங்குகிறது தெரியுமா?

பல வருடங்களாக ஒருநாள்கூட விடாமல் மாத்திரை சாப்பிடுகிறார் ஒருவர். ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. ‘கண்டறிய முடியாத அளவு’ என்றே ஒவ்வொரு முறையும் வருகிறது. இனி எதற்கு என்று மாத்திரையை நிறுத்துகிறார். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்கள்தான், கிருமி மறுபடியும் ரத்தத்தில் வந்துவிடுகிறது! அத்தனை வருடமும் அது எங்கே இருந்தது தெரியுமா?

அவருடைய மரபணுவுக்குள்ளேயே இருந்தது!

மனித மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். எச்.ஐ.வி.க்கு மொத்தமே சுமார் 9,700 எழுத்துகள், 9 மரபணுக்கள். இந்தத் துளியூண்டு கிருமி சி.டி.4 என்ற வெள்ளை அணுவுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதிக்கொள்கிறது. பிறகு இன்டெக்ரேஸ் என்ற நொதியின் துணையோடு, அந்த டி.என்.ஏ.வை நம் குரோமோசோமை வெட்டி நடுவில் ஒட்டவைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு கிருமி வேறு, அணு வேறு என்று பிரிக்கவே முடியாது. அணு உயிரோடு இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

கிருமி புகுந்த சி.டி.4 அணுக்களில் மிகப் பெரும்பாலானவை ஓரிரு நாளில் செத்துப்போகின்றன. ஆனால் மிகச் சில அணுக்கள் சாகாமல் ஓய்வுக்குப் போய் ‘நினைவு அணுக்களாக’ மாறிவிடுகின்றன. சின்ன வயதில் வந்த நோயை முதுமையிலும் நம் உடம்பு அடையாளம் கண்டு விரட்டுகிறதே, அந்த அற்புதத்தில் பங்குள்ள அணுக்கள்தான் இவை! பல்லாண்டுகள் வாழக்கூடியவை. நம்மைக் காக்க இயற்கை கொடுத்த அந்த நீண்ட ஆயுளையே எச்.ஐ.வி. தன் மறைவிடமாக்கிக்கொண்டது.

சரி, மருந்து ஏன் அங்கே எட்டவில்லை? மருந்து அணுவுக்குள் தாராளமாகவே போகிறது. ஆனால் எச்.ஐ.வி.க்குத் தரும் கூட்டு மருந்துகள் எல்லாமே கிருமி வேலை செய்யும்போது அதைத் தடுப்பவை. புது அணுவுக்குள் நுழைவது, டி.என்.ஏ.வாக மாறுவது, குரோமோசோமில் ஒட்டுவது, முதிர்ந்த கிருமியாவது என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தடை. உறங்கும் கிருமி இதில் எதையுமே செய்வதில்லையே! புரதம்கூடத் தயாரிக்காததால் நம் நோய் எதிர்ப்பு அணுக்களின் கண்ணிலும் படுவதில்லை. வயலில் கோரையை மேலே அறுத்துவிட்டு மண்ணுக்குள் கிழங்கை விட்ட கதைதான்.

எத்தனை அணுக்களில் இப்படி ஒளிந்திருக்கிறது தெரியுமா? ஓய்விலிருக்கும் சி.டி.4 அணுக்களில், மீண்டும் பெருகக்கூடிய கிருமி இருப்பது சுமார் பத்து லட்சத்துக்கு ஒன்றில்தான்! குரோமோசோமில் ஒட்டிக்கொண்ட கிருமி மரபணுக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பழுதானவை, மீண்டும் பெருக வழியற்றவை. மிச்சமிருக்கும் அந்தச் சொற்பமே போதுமாக இருக்கிறது.

1990-களின் நடுவில் கூட்டு மருந்துகள் வந்தபோது, இரண்டு மூன்று ஆண்டு விடாமல் சாப்பிட்டால் கிருமி முழுக்க ஒழிந்துவிடும் என்று ஆய்வாளர் டேவிட் ஹோவின் குழு கணக்குப் போட்டது. 1997-லேயே அந்த நம்பிக்கை உடைந்தது. ராபர்ட் சிலிசியானோ, டக்ளஸ் ரிச்மன், அந்தோணி ஃபவுச்சி ஆகியோரின் மூன்று குழுக்களும், மருந்து சாப்பிட்டு வந்தவர்களின் உறங்கும் அணுக்களிலிருந்து உயிருள்ள கிருமியை எழுப்பிக் காட்டின. உறங்கும் கிருமியின் இந்தக் கையிருப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகும் என்று பிறகு அளந்தார்கள். அப்படியானால் முழுதும் ஒழிய? 73 ஆண்டுகளுக்கு மேல்! போதாக்குறைக்கு, அந்த நினைவு அணுக்கள் இரண்டு, நான்கு என்று பிரிந்து பெருகும்போது உள்ளே இருக்கும் கிருமி மரபணுவும் சேர்ந்தே நகலாகிறது. கிருமி சும்மா கிடக்கிறது, அது பெருகுவதற்கான உழைப்பை நம் உடம்பே செய்கிறது. எனக்கு இதில் மிகவும் கலக்கம் தருவது இந்தச் செய்திதான்.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் 2010-ல் எச்.ஐ.வி.யோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, பிறந்து 30 மணி நேரத்திலேயே சிகிச்சை தொடங்கினார்கள். 18 மாதத்தில் மருந்து நின்றுபோனது. 27 மாதங்கள் கிருமி தலைகாட்டவே இல்லை, குணமாகிவிட்டது என்றே உலகம் கொண்டாடியது. 2014-ல் திரும்பி வந்துவிட்டது!

ஆனால் வென்றவர்களும் உண்டு. எச்.ஐ.வி. இருந்த டிமோதி ரே பிரவுனுக்கு ரத்தப் புற்றுநோயும் வந்ததால் 2007-ல் பெர்லினில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது. எச்.ஐ.வி. நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 என்ற வாசலே இல்லாத கொடையாளரை மருத்துவர் கெரோ ஹூட்டர் தேடிப் பிடித்திருந்தார். 2020-ல் புற்றுநோயால் பிரவுன் இறக்கும்வரை எச்.ஐ.வி. திரும்பவில்லை. உயிருக்கே ஆபத்தான சிகிச்சை என்பதால், புற்றுநோயும் உள்ளவர்களுக்கு மட்டுமே இதைச் செய்கிறார்கள். இன்னும் வியப்பு கலிஃபோர்னியாவின் லோரீன் வில்லன்பர்க். மருந்தோ மாற்று சிகிச்சையோ இல்லாமலேயே பல ஆண்டுகள் நலமாக இருந்தார். அவருடைய 150 கோடி அணுக்களை அலசியும் முழுமையான ஒரு கிருமி மரபணுகூடக் கிடைக்கவில்லை!

உறங்கும் கிருமியை மருந்தால் எழுப்பி அழிக்கும் முயற்சியும் நடக்கிறது. 2012-ல் வோரினோஸ்டாட் என்ற மருந்து அதை எழுப்பிக்கூட விட்டது. அழிக்கத்தான் இன்னும் வழி பிடிபடவில்லை.

இதையெல்லாம் படித்து யாரும் மனம் தளர வேண்டாம். மாத்திரையால் கிருமி கண்டறிய முடியாத அளவில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவுவதில்லை. 2019-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் 782 ஆண் இணைகள், ஆணுறையின்றி சுமார் 76,000 முறை உறவு. பரவியது? பூஜ்யம்!

இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதன்முதலில் கண்டறிந்தது சென்னையில்தான், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனையும் முதல் மையங்களுள் ஒன்று. இன்று ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்து சிகிச்சை மையங்களில் மாத்திரை இலவசம். ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று தயவுசெய்து யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. ஆலோசனை தரும் பக்கத்து நம்பிக்கை மையத்துக்குப் போங்கள், அல்லது உதவி எண் 1097-ஐ அழையுங்கள். அழைப்புக்குக் கட்டணம் கிடையாது.