முன்விரியலாக்கியும் வலுவிரியலாக்கியும் புணருமாறு

இல்லத்தில் இசை கேட்டற்கென அமைக்கும் ஸ்டீரியோத் தொகுதியிலே இசைத்தட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் இரு கருவிகள் நிற்கின்றன. விஞ்ஞான பாடநூல்கள் விரியலாக்கி என்றும் கடைவீதி அம்பிளிபயர் என்றும் வழங்கும் இனத்தன இவை. முன்னது முன்விரியலாக்கி, பின்னது வலுவிரியலாக்கி. இரண்டும் ஒரே பெட்டியுள் அடங்கியிருப்பின் பொருத்தத்தைச் செய்தவரே பார்த்திருப்பர். வெவ்வேறாக வாங்குவோரோ விலையையும் பெயரையும் பார்க்கின்றனரேயன்றிப் பொருத்தம் பார்ப்பதில்லை. தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைப்பர். நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் நோக்கிப் புணர்ச்சி கூறுவது எமது தொழில். இங்கும் நிகழ்வது அதுவே.

காந்தவகை ஊசித்தலையொன்று தரும் அழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிஉவோற்று. மேலும், தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலிகள் குறைக்கப்பட்டும் உயர்ந்த ஒலிகள் மிகுக்கப்பட்டும் இருக்கும். அதனைத் திரும்பச் சமன்செய்து, ஒலியளவை நம் விருப்பத்துக்கு அடக்கி, ஓர் உவோற்றை அண்மிய நிலைக்கு உயர்த்தித் தருவது முன்விரியலாக்கி. அதனைப் பெற்று ஒலிபெருக்கியை இயக்கும் வலுவை அளிப்பது பின்னது.

முதற்கண் நோக்கவேண்டியது அழுத்தப் பொருத்தம். இங்கிலாந்தில் பீற்றர் உவாக்கர் நிறுவிய கூட்டத்தார் 1953 இல் வெளியிட்ட குவாட் 2 என்னும் வால்வுக் கருவி, தன் முழுவலுவாகிய 15 உவாற்றைத் தருதற்கு 1.4 உவோற்று வேண்டும். 1958 இல் வந்த லீக் ஸ்டீரியோ 20 பக்கமொன்றுக்கு 10 உவாற்றுத் தருதற்கு 125 மில்லிஉவோற்றே போதும். ஒன்று கேட்பது மற்றையது கேட்பதினும் பதினொரு மடங்குக்கு மேல்! 125 மில்லிஉவோற்றுக்கென அமைந்த முன்விரியலாக்கியைக் குவாட்டோடு பூட்டினால் குமிழை எவ்வளவு திருகினும் இசை மெலிந்தே இருக்கும். மாறிப் பூட்டினாலோ வேறு தொல்லை.

பழைய மாணவர் ஒருவர், தந்தையார் விட்டுச்சென்ற லீக் கருவியை இக்கால முன்விரியலாக்கியொன்றோடு இணைத்தார். குமிழ் சற்றே அசைந்ததும் பேரொலி; தாழ்த்தினால் ஒரு பக்கம் ஊமை; இடையறாத இரைச்சல் வேறு. வால்வுகள் கெட்டன என்று முடிவுசெய்து, வந்த விலைக்கு விற்கத் துணிந்துவிட்டார். வால்வுகளில் யாதொரு குறையும் இருந்ததன்று. பக்கமொன்றுக்கு 10,000 ஓம் தடையொன்றைத் தொடராகவும், அதன்பின் 1,000 ஓம் தடையொன்றைப் புவிக்கம்பிக்குக் குறுக்காகவும் பற்றாசு வைத்தோம். அழுத்தம் பதினொன்றில் ஒன்றாயிற்று. இரைச்சலும் அவ்வாறே தணிந்தது. குமிழும் நடுநிலைக்கு வந்தது. நான்கு தடைகளின் விலை ஒரு கோப்பைத் தேநீருக்கும் காணாது. தந்தையார் கேட்ட தட்டுக்களை மைந்தர் அதிலேயே கேட்கிறார். 1982 இல் அறிமுகமான குறுந்தட்டுக் கருவிகள் பொதுவாக 2 உவோற்று வரை தருவன. பழங்கருவியோடு அவற்றை நேரே இணைப்போரும் இதனை நினைவிற் கொள்க.

இனித் தடங்கற் பொருத்தம். இருபுறத் தடங்கலும் சமனாதல் வேண்டும் என்பாருளர். வலுவை முழுதாகக் கடத்தவேண்டிய இடத்துக்கு அது விதி. இங்கே கடத்துவது அழுத்தம். ஆதலின் வலுவிரியலாக்கியின் பெய்ப்புத் தடங்கல், முன்னதன் பயப்புத் தடங்கலினும் பத்து மடங்காவது இருத்தல் நன்று. வால்வு முன்விரியலாக்கியைத் திரான்சிற்றர்க் கருவியோடு சேர்ப்போர் இங்கேதான் இடறுவர். முன்னதன் வாயிலில் 0.1 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி இருக்கிறது என்க. எதிரே 10 இலட்சம் ஓம் இருப்பின் 1.6 ஹேர்ட்ஸ் வரை ஒலி குறையாது. எதிரே 10,000 ஓம் மட்டுமாயின் 159 ஹேர்ட்ஸிலேயே தேய்வு தொடங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பி நலிந்து கேட்கும். பழி ஒலிபெருக்கிமேல் விழும்! இசை கேட்பவர் புதிய ஒலிபெருக்கி வாங்கப் புறப்படுவதும் இதனாலேயே. வாங்கியும் பயனில்லை.

பயப்புத் தடங்கல் மிக்க கருவிக்கு நீண்ட வடம் ஆகாது; வடத்தின் கொள்ளளவம் உயர்ந்த ஒலிகளை விழுங்கும்.

ஒன்று மறத்தலாகாது. 1959 இல் வெளிவந்த குவாட் 22 என்னும் முன்விரியலாக்கிக்குச் சொந்த மின்வழங்கி இல்லை. குவாட் 2 கருவிகளிடமிருந்தே மின்னைப் பெறும். அவற்றைப் பிரித்து விற்பவரிடம் ஒன்றை மட்டும் வாங்குவோர் வேறு மின்வழங்கி தேடவேண்டும். அதனுட் பாயும் அழுத்தம் உயிரைப் போக்கவல்லது, கைதேர்ந்தாரிடமே ஒப்படைக்க. தனித்தனி ஆளியுள்ள கருவிகளாயின், இயக்கும்போது முன்விரியலாக்கியை முதலிலும் வலுவிரியலாக்கியைப் பின்னரும், நிறுத்தும்போது இதற்கு மாறாகவும் ஆளியைத் தட்டுக. மாறிச் செய்தால் எழும் வெடியோசை ஒலிபெருக்கியின் கூம்பைத் தாக்கும்.