முதியோருக்கான ஆதரவு வாடகைக் குடியிருப்பு

ஆதரவு வாடகைக் குடியிருப்பு என்பது, வயதானவர்கள் தமக்கென ஒரு தனி வீட்டில், தம் கையில் சாவியோடு, வாடகைதாரராக வாழ்ந்துகொண்டே, ஆபத்து நேரத்தில் உதவி பெறும்படி அமைக்கப்பட்ட வீடமைப்பு முறை ஆகும். பிரித்தானியாவில் இது ‘ஷெல்டர்டு ஹவுசிங்’ என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியது. உள்ளாட்சி மன்றங்களும், இலாப நோக்கற்ற வீட்டுவசதிச் சங்கங்களும் இவற்றைக் கட்டி வாடகைக்கு விடுகின்றன. குடியேறுவதற்கான குறைந்தபட்ச வயது இடத்துக்கு இடம் மாறும். 55 அல்லது 60 என்பதே வழக்கம்.

தமிழில் இதை ‘முதியோர் இல்லம்’ என்று எழுதிவிடுகிறோம். அது பொருந்தாது. முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு அறையும் உணவும் பராமரிப்பும் சேர்த்துத் தரப்படும். எப்போது சாப்பிடுவது, எப்போது விளக்கணைப்பது என்பதெல்லாம் ஓரளவுக்கு இல்லத்தின் ஒழுங்கைப் பொறுத்தது. ஆதரவுக் குடியிருப்பில் சமையலறை அவருடையது. கதவைத் தட்டாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. சட்டத்தின் பார்வையிலும் அவர் ‘இல்லவாசி’ அல்லர், வாடகைதாரர். நீதிமன்ற ஆணை இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது. நோயாளி என்றோ அனாதரவானவர் என்றோ நிரூபித்து இங்கே இடம் பெறுவதில்லை. உள்ளூர் மன்றத்தின் வீட்டுப் பதிவேட்டில் பெயர் கொடுத்து, மற்ற வாடகை வீட்டைப் போலவே பெறுகிறார்.

வரலாறு

இதன் வேர் மிகப் பழையது. இடைக்கால இங்கிலாந்தில் செல்வந்தர்களும் திருச்சபையினரும் ஏழை முதியவர்களுக்காக ‘ஆம்ஸ்ஹவுஸ்’ எனப்படும் தரும வீடுகளைக் கட்டினர். வின்செஸ்டர் நகரில் 1130களில் நிறுவப்பட்ட செயின்ட் கிராஸ் தரும இல்லத்தில் இன்றும் முதியவர்கள் வாழ்கிறார்கள். முற்றத்தைச் சுற்றிச் சிறு சிறு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி வாசல் என்ற அமைப்பு அங்கிருந்து வந்ததே. ஆனால் தரும வீட்டில் இருப்பவர் இன்றும் சட்டப்படி வாடகைதாரர் ஆக மாட்டார். அறக்கட்டளையின் அனுமதியோடு தங்குபவர் மட்டுமே.

தரும வீடு கிடைக்காத ஏழை முதியவர்களுக்கு, குறிப்பாக 1834 ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ‘வொர்க்ஹவுஸ்’ எனப்பட்ட உழைப்பு விடுதிகளே கதி. அங்கே கணவனையும் மனைவியையும் பிரித்து வைத்தார்கள். 1948 ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் ஏழைகள் சட்டத்தை ஒழித்தது. ஆனால் கட்டடங்கள் ஒழியவில்லை. பழைய உழைப்பு விடுதிகளில் பல, பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு முதியோர் இல்லங்களாக நீடித்தன. சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் நாடு முழுவதும் இத்தகைய இல்லங்களை நேரில் சென்று பார்த்து, 1962 ஆம் ஆண்டில் ‘தி லாஸ்ட் ரெஃப்யூஜ்’ என்ற நூலை வெளியிட்டார். வரிசை வரிசையாகக் கட்டில்கள், தனிமை என்பதே இல்லாத கூடங்கள், செய்ய வேலை ஏதுமின்றிச் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் என அவர் காட்டிய நிலை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. முதுமையில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது நிறுவனம் அல்ல, தகுந்த வீடும் வீட்டுக்கு வரும் உதவியும்தான் என்பது அவர் வாதம்.

இதற்குச் சற்று முன்பே தனியார் முயற்சிகள் தொடங்கியிருந்தன. இராணுவத்திலிருந்து விலகிய ரிச்சர்ட் கார்-கோம், இலண்டனின் பெர்மண்ட்சி பகுதியில் வீட்டு வேலைக்கு உதவும் பணியில் சேர்ந்து, அங்கே தனிமையில் வாடிய முதியவர்களைக் கண்டு, 1956 ஆம் ஆண்டில் ஆபிஃபீல்டு அமைப்பைத் தொடங்கினார். ஒரு சாதாரண வீட்டில் சில முதியவர்கள், அவரவர்க்கு ஓர் அறை, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்பது அதன் முறை. 1963 இல் ஹனோவர், 1968 இல் பின்னாளில் ஆங்கர் என்று பெயர் பெற்ற சங்கம் எனப் பெரிய வீட்டுவசதிச் சங்கங்கள் தோன்றின. இவ்விரண்டும் 2018 ஆம் ஆண்டில் ஒன்றாக இணைந்தன.

1969 ஆம் ஆண்டின் சுற்றறிக்கை

இன்று காணப்படும் கட்டடங்களின் அமைப்பைத் தீர்மானித்தது, அரசின் வீட்டுவசதி அமைச்சகம் 1969 ஆம் ஆண்டில் வெளியிட்ட 82/69 எண் சுற்றறிக்கை. அது முதியோர் வீடுகளை இரண்டு வகையாகப் பிரித்தது. முதல் வகை, ஓரளவு சுறுசுறுப்பாக நடமாடுவோருக்கான சிறு தனி வீடுகள். இரண்டாம் வகை, அவ்வளவு திடமில்லாதவர்களுக்கானது. இதில் எல்லா வீடுகளும் ஒரே கூரையின் கீழ், குளிர்காலத்தில் வெப்பமூட்டப்பட்ட நடைவழியால் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். மழையிலும் பனியிலும் வெளியே இறங்காமலே பொதுக்கூடத்துக்கும் துணி துவைக்கும் அறைக்கும் போய்வரலாம். பார்க்க வரும் மகனோ மகளோ இரவு தங்க ஒரு விருந்தினர் அறையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு வீட்டிலும் அவசர அழைப்பு வசதியும், வளாகத்திலேயே குடியிருக்கும் ஒரு வார்டனும் இருக்க வேண்டும்.

1974 ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் சங்கங்களுக்கு மானியத்தை விரிவாக்கியதும் கட்டுமானம் வேகம் பிடித்தது. அக்காலத்து வீடுகளில் பல, ஒரே அறைக்குள் கட்டிலும் நாற்காலியும் சமையல் மூலையும் அடங்கியவை. சிலவற்றில் குளியலறை பொது. ஒரு தலைமுறைக்குப் பிறகு அவற்றை யாரும் விரும்பவில்லை. வாழ்நாள் முழுக்க மூன்று படுக்கையறை வீட்டில் இருந்தவரை ஒற்றை அறைக்கு அழைத்தால் வருவாரா? இரண்டு வீடுகளை ஒன்றாக்குவதும் சில கட்டடங்களை இடிப்பதும் பின்னர் நடந்தன.

வார்டன்

நம் ஊரில் வார்டன் என்றால் விடுதி மாணவர்களைக் கண்டிப்பவர் நினைவுக்கு வருவார். இந்த வார்டன் அப்படியல்ல. அதிகாரிகள் அவரை ‘நல்ல அண்டை வீட்டார்’ என்றே வருணித்தார்கள். பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண். வளாகத்திலேயே ஒரு வீட்டில் தன் குடும்பத்தோடு இருப்பார். நாள்தோறும் காலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்பேசியில் அழைத்தோ கதவைத் தட்டியோ நலம் கேட்பார். பதில் வராவிட்டால் பொதுச் சாவியைப் பயன்படுத்தி உள்ளே போய்ப் பார்ப்பார். மருந்து கொடுப்பது, குளிப்பாட்டுவது, சமைப்பது ஆகியவை அவர் வேலையல்ல. அவற்றுக்குத் தனியே பணியாளர்கள் வெளியிலிருந்து வருவார்கள்.

வேலைப் பட்டியலில் எழுதக்கூடியது இவ்வளவுதான். எழுத முடியாத பகுதி பெரிது. ஒருவர் வாசலில் பால் போத்தல் எடுக்கப்படாமல் இருப்பதையும், இன்னொருவர் மூன்று வாரமாகப் பொதுக்கூடத்துக்கு வராததையும், வேறொருவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கியிருப்பதையும் கவனிப்பவர் அவர்தான். விழுந்தபின் ஆம்புலன்ஸ் அழைப்பது யாராலும் முடியும். விழப்போகிறார் என்று முன்கூட்டியே அறிய, அன்றாடம் பார்த்துக்கொண்டிருக்கும் கண் வேண்டும்.

வாடகையும் கட்டணங்களும்

குடியிருப்பவர் செலுத்தும் தொகையில் மூன்று பகுதிகள் உண்டு: வீட்டுக்கான வாடகை, பொது வசதிகளுக்கான சேவைக் கட்டணம், ஆதரவுக் கட்டணம். வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கு அரசின் வாடகை உதவித்தொகை கிடைக்கும். நடைவழி விளக்கு, பொதுக்கூடத் தூய்மை, தோட்டப் பராமரிப்பு போன்ற செலவுகளை அது ஏற்கும். தன் வீட்டுக்குள் ஆகும் வெப்பமூட்டல் செலவு, உணவு, அவசர அழைப்புக் கருவி, தனிப்பட்ட ஆதரவு ஆகியவற்றை ஏற்காது. மாணவர்கள் இந்தப் பிரிவினையைக் கவனிக்க வேண்டும். பின்னால் வரும் சிக்கல் முழுவதும் இதிலிருந்துதான் கிளைத்தது.

உள்ளாட்சி மன்ற வாடகைதாரர்கள் தம் வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமை 1980 ஆம் ஆண்டில் சட்டமானபோது, இலட்சக்கணக்கான பொது வீடுகள் தனியார் சொத்தாயின. முதியோருக்கென வார்டன், பொது வசதிகளோடு அமைந்த வளாக வீடுகளுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இவ்வகை வீடுகள் இன்றும் வாடகைக்குக் கிடைக்கின்றன என்றால் அதற்கு அந்த விலக்கு ஒரு முக்கியக் காரணம்.

வார்டன்கள் குறைந்தது எப்படி?

2003 ஏப்ரல் மாதம் வரை வார்டனின் செலவு பெரும்பாலும் வாடகையோடு கலந்தே இருந்தது. அந்த மாதம் ‘சப்போர்ட்டிங் பீப்பிள்’ என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. வீடு வேறு, ஆதரவு வேறு என்று கணக்கு பிரிக்கப்பட்டது. ஆதரவுக்கான பணம் உள்ளாட்சி மன்றங்களுக்குத் தனி மானியமாகத் தரப்பட்டது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. வளாகத்துக்கு வெளியே தனி வீடுகளில் இருக்கும் முதியவர்களுக்கும், வீடற்றோர், குடும்ப வன்முறையிலிருந்து தப்பியோர் போன்ற பிறருக்கும் ஆதரவு சேர வேண்டும் என்பதே அது. ஆனால் கட்டடத்தோடு பிணைந்திருந்த ஒரு மனிதர், மணிக்கணக்கில் வாங்கக்கூடிய ஒரு சேவையாக மாறினார்.

2009 ஆம் ஆண்டில் அந்த மானியத்தை அதற்கென்றே செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. அடுத்து வந்த சிக்கன ஆண்டுகளில் நெருக்கடியிலிருந்த மன்றங்கள் முதலில் கைவைத்த இடங்களில் இதுவும் ஒன்று. வேலைநேரச் சட்டங்களும் சேர்ந்துகொண்டன. இரவில் தன் வீட்டில் உறங்கினாலும் அழைப்புக்குக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2006 ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் பக்கம் நியாயமான தீர்ப்பு. ஆனால் வளாகத்திலேயே வார்டன் குடியிருக்கும் முறையின் உண்மையான விலை அப்போதுதான் வெளியே தெரிந்தது. அதுவரை அந்த விலையை வார்டன்களே தம் உறக்கத்தால் செலுத்தி வந்தார்கள் என்றும் சொல்லலாம்.

குடியிருப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. இலண்டனின் பார்னெட் மன்றமும் போர்ட்ஸ்மத் மன்றமும் உள்குடி வார்டன்களை நீக்க எடுத்த முடிவுகளை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். மாற்றுத்திறனாளிகளின் சமத்துவம் குறித்த சட்டக் கடமையை மன்றங்கள் உரியவாறு கருத்தில் கொள்ளவில்லை என்று 2009 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கூறியது. இதை வார்டன்களுக்குக் கிடைத்த வெற்றி என்று சிலர் எழுதுவது மிகை. முறையாக ஆராய்ந்தபின் நீக்கலாம் என்பதற்கு அந்தத் தீர்ப்பில் தடையில்லை.

இப்போது பல வளாகங்களில் ஒரே அலுவலர் இரண்டு மூன்று இடங்களைச் சுற்றி வருகிறார். வார்டன் என்ற சொல்லே வழக்கொழிந்து, ‘வளாக மேலாளர்’, ‘சுதந்திர வாழ்வு ஒருங்கிணைப்பாளர்’ என்றெல்லாம் பதவிப் பெயர்கள் வந்துவிட்டன. பெயர் நீள நீள, ஆள் வரும் நேரம் சுருங்குகிறது என்று தோன்றுகிறது. மறுபுறம், கூடுதல் பராமரிப்பு தேவைப்படுவோருக்காக 24 மணி நேரமும் பணியாளர் உள்ள ‘எக்ஸ்ட்ரா கேர்’ வளாகங்கள் பெருகியுள்ளன. அவை நல்லவை, செலவும் அதிகம்.

ஜப்பான் சென்ற வழி

ஜப்பானில் 2011 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் ‘சேவையுடன் கூடிய முதியோர் வீடு’ என்ற பதிவு முறையை உருவாக்கியது. பொதுவாக 25 சதுர மீட்டர் பரப்பு, தடையற்ற தரை போன்ற கட்டட விதிகளோடு, நலம் விசாரித்தல், வாழ்க்கை ஆலோசனை ஆகிய இரண்டு சேவைகளும் இல்லாமல் எந்த வீட்டையும் அந்தப் பெயரில் பதிவு செய்ய முடியாது. வாடகை அங்கே பெரும்பாலும் தனியார் சந்தை விலையில் இருப்பதால் ஏழை முதியவர்களுக்கு எட்டுவதில்லை என்ற குறை உண்டு. ஆனாலும், நலம் கேட்கும் ஆள் வீட்டின் இலக்கணத்திலேயே சேர்ந்தவர் என்று அங்கே சட்டம் சொல்கிறது. பிரித்தானியாவில் அது பட்ஜெட்டைப் பொறுத்ததாகிவிட்டது.

அவசரக் கயிறு

வார்டன் போன பிறகும் பிரித்தானிய வளாகங்களில் மிஞ்சியிருப்பது, கூரையிலிருந்து தொங்கும் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கயிறு. குளியலறை, படுக்கையறை, கூடம் என ஒவ்வொன்றிலும் ஒன்று இருக்கும். இழுத்தால், முன்பு வார்டன் வீட்டில் மணி அடித்தது. இன்று தொலைவில் உள்ள அழைப்பு மையத்தில் ஒருவர் பேசுவார். நிலைமையைக் கேட்டு, உறவினரையோ ஆம்புலன்ஸையோ அழைப்பார்.

கயிற்றின் நுனி ஏறக்குறையத் தரையைத் தொட வேண்டும். விழுந்து கிடப்பவரின் கைக்கு எட்டுவதற்காகவே அந்த நீளம். ஆனால் பெருக்கும்போது இடைஞ்சல், பேரக்குழந்தை இழுத்துவிடுகிறது, தவறுதலாக இழுபட்டால் வெட்கம் என்று பலர் அதை மேலே சுருட்டிக் கட்டி வைத்துவிடுகிறார்கள். வார்டன் இருந்த காலத்தில் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும்போதே அதை அவிழ்த்து விடுவார். எங்கோ இருக்கும் அழைப்பு மையத்துக்கு, கட்டி வைத்த கயிறு தெரியாது.

இப்போது இன்னொரு மாற்றமும் நடந்துவருகிறது. இந்தக் கருவிகளில் பல பழைய செப்புக்கம்பித் தொலைபேசி இணைப்பில் இயங்குபவை. அந்த இணைப்புகளை 2025 ஆம் ஆண்டின் இறுதிக்குள் நிறுத்தத் திட்டமிட்டிருந்த தொலைபேசித் துறை, அவசரக் கருவிகளை நம்பியிருப்போரின் பாதுகாப்பை முன்னிட்டுக் கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளி வைத்தது. பழைய இணைப்புக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. மின்தடை ஏற்பட்டாலும் அழைப்பு போகும். இணையவழி இணைப்புக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். எனவே ஒவ்வொரு வளாகத்திலும் கருவியை மாற்றுவதோடு, மாற்று மின்கலமும் பொருத்தி, கயிற்றை இழுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.