எலியும் பாம்பும்

1996-ல் நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீஸில் இரண்டே கட்சிகள். டாஸ் கட்சி, விண்டோஸ் கட்சி. டாஸ் கட்சித் தலைவர் அக்கவுன்ட்ஸ் அண்ணாச்சி. மவுஸைத் தொடவே மாட்டார். "எலி பிடிக்க நான் என்ன பூனையாடே?" என்பார். ஆனால் வேர்ட்ஸ்டாரில் உட்கார்ந்தால், கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கே, பி... கே, கே... விரல்கள் வீணை வாசிக்கும்!

நான் விண்டோஸ் கட்சியின் இளைஞர் அணி. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95-ல் ஃபைலுக்கு 255 எழுத்து வரை பெயர் வைக்கலாம். டாஸில் எட்டுதான். "எட்டு எழுத்துல என்ன அண்ணாச்சி சொல்ல முடியும்?" என்று தினமும் சீண்டுவேன்.

மார்ச் மாதக் கணக்கு. நேராக ஃப்ளாப்பியிலேயே சேவ் செய்திருந்தேன். ஒன்று 'மார்ச் ஸ்டேட்மென்ட் ஓல்டு'. இன்னொன்று 'ஃபைனல்'. ஹெட் ஆபீஸுக்கு அனுப்பும் பொறுப்பு அண்ணாச்சியுடையது. அவர் மெஷினில் போட்டதும் இரண்டு பெயரும் எட்டெழுத்தாகச் சுருங்கிவிட்டன. முதல் ஆறெழுத்து ஒரே மாதிரி, அப்புறம் ஒரு நெளிகோடு, கடைசியில் 1, 2.

"என்னடே, பேருக்குப் பின்னால பாம்பு நெளியுது? எதை அனுப்ப?"

என் கம்ப்யூட்டரில் ஃபைனல்தான் மேலே இருந்தது. "ஒண்ணாம் நம்பர்!" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. விண்டோஸ் எனக்குக் காட்டியது அகரவரிசை. பாம்புக்குப் பின்னால் நம்பர் போட்டதோ, எது முதலில் பிறந்தது என்று பார்த்து! ஒண்ணாம் நம்பர் பழைய கணக்கு. அதில் 40,000 ரூபாய் உதைக்கும். எனக்கோ புரொபேஷன் முடிய இரண்டு வாரம். தூக்கம் வருமா?

காலையில் ஓடினேன். அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் நம்பரைத்தான் அனுப்பினேன். 'டிர்' அடிச்சா தேதி, மணி எல்லாம் காட்டுமே... பார்க்க மாட்டியா?"

மேனேஜரிடம் ஒரு வார்த்தை போட்டுக்கொடுத்திருந்தால், விண்டோஸ் கட்சிக்கு டெபாசிட் காலி. கடைசிவரை அவர் மூச்சு விடவில்லை.

இந்தக் கட்சிப் பற்று உலகெங்கும் உண்டு சார். 1997 ஆகஸ்டில், நொடித்துப் போயிருந்த ஆப்பிளுக்கு மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் போடுவதாக பாஸ்டனில் அறிவித்தார்கள். திரையில் பில் கேட்ஸ் முகம் தெரிந்ததும் ஆப்பிள் ரசிகர்கள் ஊளையிட்டார்கள். பணம் போடுகிற மனுஷனைப் பார்த்து!

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜார்ஜ் மார்ட்டின், டாஸில் வேர்ட்ஸ்டார் 4.0 வைத்துத்தான் எழுதுவதாக 2014-ல் டி.வி.யில் சொன்னார். அண்ணாச்சிக்கு உடனே போன் போட்டேன். "நல்ல புள்ள!" என்றார்.

போன மாதம் வீட்டுக்கு வந்தவர், என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். "அந்தப் பாம்பு செத்துப்போச்சாடே?"

கறுப்புத் திரையைத் திறந்து, சி டிரைவில் 'டிர்' அடித்து, ஒரு சாய்கோடும் எக்ஸும் சேர்த்தேன். வரிசையாக நெளிந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார் அண்ணாச்சி. டீ ஆறிக்கொண்டிருந்தது.